காலிப்பர் சீல் மாற்றிய பிறகு லிவர் இறுகவில்லையா? ஏர் எடுப்பது பற்றி விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது: பல்சர் 150 பைக், ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய மாடல். முன் டிஸ்க் பிரேக்கில் பிஸ்டன் இறுகிப்போய் பேட் உரசிக்கொண்டே இருந்தது. காலிப்பரை (பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) கழற்றி இரண்டு பிஸ்டனுக்கும் புது சீல் போட்டாகிவிட்டது. ஒரு பாட்டில் பிரேக் ஆயில் முழுக்கச் செலவழித்து ஏர் எடுத்தும் (ஆயிலுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) லிவர் கைப்பிடி வரை போகிறது. நிப்பிளில் (காற்றையும் ஆயிலையும் வெளியே விடக் காலிப்பரில் இருக்கும் சின்ன போல்ட்) குமிழி வருவதும் நின்றுவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் (லிவரை ஒட்டி இருந்து ஆயிலை அழுத்தித் தள்ளும் பாகம்) போய்விட்டதா?

மாஸ்டர் சிலிண்டரைப் பிறகு பார்க்கலாம். காலிப்பர் சீல் மாற்றியதும் வரும் இந்தக் குறைக்கு அது காரணமாக இருப்பது அபூர்வம். லிவர் மெத்தென்று இருக்கப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். ஒன்று, காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. மற்றொன்று, காற்றே இல்லை, ஆனால் புது சீல் பிஸ்டனைத் தேவைக்கு அதிகமாகப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. கையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. எது என்று பிரித்துப் பார்க்காமல் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது பாட்டிலும் காலியாகும், லிவர் அப்படியேதான் இருக்கும்.

பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஹோஸை (ஆயில் போகும் குழாய்) கழற்றாமல் காலிப்பரை மட்டும் ஃபோர்க்கிலிருந்து இறக்குங்கள். பேட் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மேலே ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிஸ்டன் இரண்டையும் கட்டைவிரலால் கடைசி வரை உள்ளே தள்ளுங்கள். அப்புறம் பிஸ்டனுக்கும் எதிர்ப்பக்கக் காலிப்பர் சுவருக்கும் நடுவில் அசையாத பொருள் ஒன்றை வையுங்கள். பழைய பேட் இரண்டும் ஒரு இரும்புப் பட்டையும் சேர்ந்து இடைவெளியை அடைத்துக்கொண்டால் போதும். தேய்ந்த மரத்துண்டு வேண்டாம், அது நசுங்கிக் கணக்கைக் கெடுக்கும். இப்போது லிவரைப் பிடியுங்கள். பிஸ்டன் நகர வழியில்லை. லிவர் கொஞ்ச தூரத்திலேயே கல் போல நின்றுவிட்டால் ஹைட்ராலிக்கில் காற்று இல்லை, குறை பேட், சீல், அல்லது காலிப்பர் நகரும் பின் (pin) இவற்றில் இருக்கிறது. இப்போதும் மெத்தென்று போனால் காற்று இருக்கிறது. முதலில் இறுகிவிட்டு, பிடித்தபடியே இருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் ஆயிலை விட்டுக்கொடுக்கிறது. ஏர் எடுப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

காற்றுதான் என்று தெரிந்தால், வழக்கமான முறையில் அது ஏன் வெளியே வரவில்லை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயில் மாற்றும்போது ஏர் எடுப்பதும், காய்ந்த காலிப்பரை முதல்முறை நிரப்புவதும் ஒரே வேலை இல்லை. உதாரணத்துக்கு 12.7 மி.மீ. உள்விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பிஸ்டன் 10 மி.மீ. நகர்ந்தால் வெளியேறும் ஆயில் ஏறக்குறைய 1.27 மி.லி. மட்டுமே. 3.2 மி.மீ. துளையுள்ள ஒரு மீட்டர் ஹோஸ் நிரம்ப 8 மி.லி. வேண்டும். அதாவது ஒரு முறை லிவரை முழுதாக அழுத்தினால் ஹோஸுக்குள் ஆயில் சுமார் 16 செ.மீ. கீழே நகரும், அவ்வளவுதான். நிப்பிளை மூடி, லிவரை விட்டு, அடுத்த அழுத்துக்குத் தயாராகும் நேரத்தில் ஹோஸில் இருக்கும் குமிழி மறுபடி மேலே ஏறிவிடும். காற்று மேலே போக விரும்புகிறது, நாம் அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். குறுகிய வாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றும்போது காற்றும் தண்ணீரும் கழுத்தில் முட்டிக்கொண்டு குபுக் குபுக்கென்று வருமே, அதே சண்டைதான் ஹோஸுக்குள்ளும் நடக்கிறது.

காலிப்பருக்குள் நிலைமை இன்னும் மோசம். சீல் மாற்றிவிட்டுப் பிஸ்டனைப் பாதி வெளியே நிற்கும்படி விட்டிருந்தால் அதன் பின்னால் பெரிய காலி அறை இருக்கும். 26 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பிஸ்டன்கள் 10 மி.மீ. வெளியே நின்றால் பின்னால் இருக்கும் இடம் 10 மி.லி.க்கும் மேல். ஆயில் அடியில் தேங்கி நிப்பிளுக்குப் போய்விடும், காற்று ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். நிப்பிளில் குமிழி இல்லாத ஆயில் வருகிறது என்பதற்கு, நிப்பிளுக்குப் போகும் வழியில் காற்று இல்லை என்பதுதான் பொருள். மூலையில் ஒதுங்கிய காற்றைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உங்கள் பைக்கில் குமிழி நின்ற பிறகும் லிவர் மெத்தென்று இருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

ஆகவே முதல் வேலை, பிஸ்டன் இரண்டையும் முழுதாக உள்ளே தள்ளி அந்த அறையைச் சிறிதாக்குவது. காலிப்பர் கழன்ற நிலையிலேயே இதைச் செய்யுங்கள். மேலே சொன்ன சோதனைக்காக ஏற்கெனவே உள்ளேதான் இருக்கின்றன. அவை வெளியே வராதபடி அந்த இரும்புப் பட்டையும் பழைய பேடும் அங்கேயே இருக்கட்டும். இதை விட்டுவிட்டு லிவரை அழுத்தினால் பிஸ்டன் துள்ளி வெளியே விழும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, காலிப்பரைக் கையில் பிடித்து நிப்பிள் உச்சியில் வரும்படி திருப்புங்கள். ஃபோர்க்கில் மாட்டிய நிலையில் நிப்பிள் மேலே இருப்பது போலத் தோன்றினாலும் பல காலிப்பர்களில் உள் அறையின் உயரமான புள்ளி அதுவாக இருக்காது. சில பைக்குகளில் பின் காலிப்பர் படுத்த நிலையில் இருக்கும். அங்கே கழற்றித் திருப்பாமல் ஏர் எடுப்பது வீண் முயற்சி. ஹோஸ் முறுக்கிக்கொள்ளாத அளவுக்குத் திருப்பினால் போதும். இரண்டு மூன்று தடவை ரப்பர் சுத்தியாலோ ஸ்பானரின் பிடியாலோ காலிப்பரின் உடலில் லேசாகத் தட்டுங்கள். சுவரில் ஒட்டிய சிறு குமிழிகள் விட்டுவிடும்.

இனி ஆயிலைக் கீழிருந்து மேலே ஏற்றுவோம். காய்ந்த காலிப்பருக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான். மெடிக்கல் ஷாப்பில் 50 மி.லி. சிரிஞ்ச் வாங்குங்கள், ஊசி வேண்டாம். மீன் தொட்டிக்கு விற்கும் தெளிவான டியூப் ஒரு முழம் போதும், நிப்பிளில் இறுக்கமாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சிரிஞ்சில் புது ஆயிலை ஏற்றி, தலைகீழாகப் பிடித்துத் தட்டி, டியூபின் நுனி வரை ஆயில் நிற்கும்படி காற்றை வெளியே தள்ளிவிடுங்கள். டியூபை நிப்பிளில் மாட்டி, மாட்டிய இடத்தில் ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். எட்டாம் நம்பர் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, சிரிஞ்சை மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் டியூப் கழன்று முகத்தில் அடிக்கும். பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் காலிப்பரை நிரப்பி, ஹோஸில் ஏறி, டப்பாவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் குமிழியோடு மேலே வரும். டப்பா பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, வழிந்துவிடாமல் இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். குமிழி நின்ற பிறகும் 10 மி.லி. கூடுதலாக ஏற்றிவிட்டு, சிரிஞ்சில் அழுத்தம் இருக்கும்போதே நிப்பிளை மூடுங்கள்.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது அழுக்கு. கீழிருந்து தள்ளும்போது காலிப்பரிலும் ஹோஸிலும் இருக்கும் கசடு மேலே மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும். நீங்கள் காலிப்பரை முழுதாகக் கழுவிச் சீல் போட்டிருப்பதால் பயமில்லை. ஆனால் ஹோஸில் பழைய பழுப்பு ஆயில் இருந்தால் முதலில் வழக்கமான முறையில் கீழ்நோக்கி அதை வெளியேற்றிவிட்டு அப்புறம் சிரிஞ்சைப் பிடியுங்கள். சிரிஞ்சின் ரப்பர் தலை இந்த ஆயிலில் ஊறி இறுகிவிடும். ஒரு வேலைக்கு ஒரு சிரிஞ்ச் என்று வைத்துக்கொள்வது நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.

காற்று ஒளிந்துகொள்ளும் இன்னொரு இடம் உச்சியில் இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் கிளம்பும் இடத்தில் பேஞ்சோ போல்ட் என்கிற ஓட்டை போல்ட் இருக்கும். மொத்த அமைப்பிலும் உயரமான புள்ளி பெரும்பாலும் அதுதான். மேலே ஏறிய குமிழி டப்பாவுக்குப் போகும் ஓட்டையைத் தாண்டி இந்த முனையில் போய்ச் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் அதன் அடியிலேயே ஓடிவிடும், குமிழி நகராது. இதற்கு பைக்கை சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டிலை இடது பக்கம் முழுதாகத் திருப்புங்கள். வண்டி இடதுபுறம் சாய்ந்திருப்பதாலும், ஃபோர்க் பின்னோக்கிச் சரிந்திருப்பதாலும், வலது கைப்பிடி மேலே எழும்பி போல்ட் இருக்கும் முனை தாழும். குமிழி இப்போது டப்பாவின் ஓட்டைப் பக்கம் வரும். டப்பா சாய்வதால் ஆயில் வழியும், அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் லிவரை முழுதாக இழுக்காமல், நுனியில் சில மில்லிமீட்டர் மட்டும் விரலால் டக் டக்கென்று தட்டிவிடுங்கள். மாஸ்டர் பிஸ்டன் அந்தச் சின்ன ஓட்டையை மூடித் திறக்கும் எல்லையில் ஆடும்போது டப்பாவில் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள், பத்து நிமிடம்கூட ஆகலாம். குமிழி வருவது நிற்கும் வரைக்கும் தட்டுங்கள்.

அப்படியும் மேல் பகுதியில் சந்தேகம் இருந்தால் போல்ட்டிலேயே ஏர் எடுக்கலாம். சுற்றிலும் பனியன் வேஸ்ட்டைக் கட்டி, பெட்ரோல் டேங்க் மேல் ஈரத் துணி போர்த்துங்கள். லிவரைப் பிடித்து வைத்தபடி போல்ட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள், கசிந்து வந்ததும் இறுக்குங்கள், அதற்குப் பிறகு லிவரை விடுங்கள். வரிசை மாறினால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை போதும்.

கடைசியில் வழக்கமான முறை. பம்ப் செய்து, பிடித்து, நிப்பிளைத் திறந்து, மூடி, விடுவது. இதை இப்போது செய்வது மிச்சத்தைத் துடைப்பதற்குத்தான். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் லிவரைக் கைப்பிடி வரை இழுத்து இழுத்து ஏர் எடுப்பது நல்லதில்லை. சாதாரண ஓட்டத்தில் மாஸ்டர் பிஸ்டன் போகாத ஆழத்தில், சிலிண்டர் சுவரில் படிவும் துருவும் சேர்ந்திருக்கும். ரப்பர் வாஷர் அதன் மேல் உரசிக் கிழியும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு இழுத்தால் இந்தப் பிரச்சினை வராது. டப்பாவில் ஆயில் எக்காரணம் கொண்டும் காலியாகக் கூடாது. ஒரு முறை காற்றைக் குடித்துவிட்டால் செய்ததெல்லாம் வீண்.

உறிஞ்சும் பம்ப் வைத்து ஏர் எடுப்பவர்கள் முடிவே இல்லாமல் குமிழி வருவதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி நிப்பிளின் மரை வழியாக உள்ளே வரும் வெளிக்காற்று. காலிப்பரிலிருந்து வருவதல்ல. மரையின் மேல் பகுதியில் கொஞ்சம் டெஃப்லான் டேப் சுற்றினால் நின்றுவிடும். கூம்பு முனையில் டேப் படக் கூடாது, ஒரு துணுக்கு உள்ளே போனாலும் வழி அடைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து லிவர் தொண்ணூறு சதவீதம் இறுகிவிட்டால், இரவு லிவரை இழுத்துக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்து ஹேண்டிலை இடதுபுறம் திருப்பி விடுங்கள். மீதமிருக்கும் பொடிக் குமிழிகள் ராத்திரியில் மேலே ஏறி மாஸ்டர் சிலிண்டரில் சேரும். காலையில் அவிழ்த்துவிட்டு மறுபடி நுனியில் தட்டினால் டப்பாவில் வெளியேறும். இது கடைசிக் கட்டத்துக்கான உபாயம். காலிப்பரில் பெரிய அறையே காற்றாக இருக்கும்போது கட்டிவைத்துப் பலன் இல்லை.

இனி முதல் சோதனையில் லிவர் கல் போல நின்றவர்களுக்கு. காற்று இல்லை, ஆனால் மாட்டியதும் மெத்தென்று ஆகிறது என்றால் சீலைப் பாருங்கள். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு வளையம். உள்ளே இருப்பது சதுர வெட்டுள்ள தடித்த சீல், ஆயிலைத் தடுப்பது அதுதான். வெளியே இருப்பது தூசி சீல். தடித்த சீலுக்கு இரண்டு வேலை. லிவரைப் பிடிக்கும்போது அது பிஸ்டனோடு ஒட்டியபடி முன்னால் வளைகிறது. விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னால் இழுத்து, பேட் டிஸ்க்கில் உரசாமல் பார்த்துக்கொள்கிறது. பேட் தேயத் தேய, பிஸ்டன் சீலுக்குள் வழுக்கி முன்னேறி அந்த இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். புது சீலை உலர்ந்தபடி மாட்டிவிட்டால் அது பிஸ்டனை இறுகப் பற்றிக்கொள்ளும். வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காமல், வளைந்து வளைந்து அதே இடத்துக்குத் திரும்ப இழுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் லிவர் நீண்ட தூரம் போக வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை வேகமாகப் பம்ப் செய்தால் மேலே வந்து இறுகும், ஒரு நிமிடம் விட்டுப் பிடித்தால் மறுபடி இறங்கும்.

இதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை. ஒரு பிஸ்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை லிவரால் சில மில்லிமீட்டர் வெளியே வரவழையுங்கள். அதன் வெளிச்சுவரில் சிவப்பு ரப்பர் கிரீஸைத் துளி தடவுங்கள், கிடைக்காவிட்டால் புது பிரேக் ஆயில். மறுபடி உள்ளே தள்ளுங்கள். நாலைந்து முறை இப்படி இரண்டு பிஸ்டனுக்கும் செய்தால் சீல் வழுக்கப் பழகிவிடும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் பக்கமே போகாதீர்கள். பிரேக் சீல் பெரும்பாலும் இ.பி.டி.எம். என்கிற ரப்பரில் செய்வது. கிளைக்கால் வகை ஆயிலில் அது பல வருடம் தாங்கும், பெட்ரோலியம் பட்டால் ஊதிப்போகும். ஒர்க்‌ஷாப்பில் எதையும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் பழக்கம் நம்மிடம் உண்டு. காலிப்பர் உதிரிகளை அப்படிக் கழுவி அதிலேயே சீலையும் அலசியிருந்தால், அந்தச் சீலை நம்ப வேண்டாம். இன்னொரு கிட் வாங்கிப் போடுங்கள். காலிப்பரைக் கழுவ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ பிரேக் ஆயிலோ போதும்.

உங்கள் பிஸ்டன் முதலில் ஏன் இறுகியது என்பதையும் இங்கே யோசிக்க வேண்டும். அலுமினியக் காலிப்பரில் சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளைப் பொடி படியும். அது சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிக்கும். அந்தப் பொடியைச் சுரண்டாமல் புது சீலை மேலேயே உட்கார வைத்தால் பழைய தொல்லை திரும்ப வரும். பிளாஸ்டிக் அல்லது மரக் குச்சியால் மூலை வரை சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவரால் கீறாதீர்கள். பள்ளம் சுத்தமாக இருந்தால், ஆயில் தடவிய பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்துக்கே நேராக உள்ளே போகும். சீ-கிளாம்ப் (திருகி அழுத்தும் கருவி) இல்லாமல் போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது. பிஸ்டனின் பளபளப்பில் துருக்குழி இருந்தால் பிஸ்டனையும் மாற்றிவிடுங்கள்.

மெத்தென்று இருப்பதற்கு மெக்கானிக்கல் காரணங்களும் உண்டு. இரண்டு பிஸ்டனும் ஒரே பக்கம் இருக்கும் காலிப்பர் பக்கவாட்டில் நகரும் வகை. அது நகர்வது இரண்டு பின்கள் மேல். பின் காய்ந்து பிடித்துக்கொண்டால் காலிப்பர் நகராமல் வளையும், அந்த வளைவு லிவரில் மெத்தென்று தெரியும். பின்களுக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் போட்டு, ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா பாருங்கள். கோணலாகத் தேய்ந்த பழைய பேட், வளைந்த டிஸ்க் இரண்டும் அதே உணர்வைத் தரும். பல வருடம் ஓடிய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் ஊதுவதும் உண்டு. வேறு ஆளை லிவரை அழுத்தச் சொல்லி ஹோஸைக் கையால் பிடித்தால் தெரிந்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகப்பட வேண்டிய நேரம் எது? பிஸ்டனை அடைத்து வைத்த சோதனையில் லிவர் இறுகி, பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால், வெளியே ஒரு துளி கசிவும் இல்லை என்றால், அப்போது. இன்னொன்றும் பாருங்கள். கடையில் வாங்கிய அலங்கார லிவர் சிலவற்றில் தளர்வே இருக்காது. விட்ட நிலையிலும் மாஸ்டர் பிஸ்டனைக் கொஞ்சம் அழுத்தியே வைத்திருக்கும். அப்போது டப்பாவின் சின்ன ஓட்டை திறக்காது, குமிழி மேலே வராது, சூடானதும் பேட் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓட்டை கசடால் அடைத்திருந்தாலும் இதே கதைதான். பேட் உரசல் என்ற உங்கள் முதல் தொல்லைக்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம், ஒரு மெல்லிய கம்பியால் தொட்டுப் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். எந்த ஆயில் என்று டப்பா மூடியிலேயே பொறித்திருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை. அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 116 தரநிலைப்படி இவற்றின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது முறையே 205, 230, 260 டிகிரி செல்சியஸ். சுமார் 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்ததும் 140, 155, 180 ஆக இறங்கிவிடும். ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சும் குணம் இதற்கு உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்தபடியே இறங்கும் வண்டியில் பழைய ஆயில் கொதித்தால் ஹோஸுக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். லிவர் ஒரேயடியாகக் கைப்பிடியைத் தொடும். அதனால் சீல் உடையாத பாட்டிலைத் திறந்து அன்றைக்கே ஊற்றுங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாதி பாட்டில் வேண்டாம். நிப்பிளில் வெளியே வந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றுவதும் கூடாது, அதில் பொடிக் குமிழி நிறைந்திருக்கும். பெயரில் 5.1க்கு நெருக்கமாகத் தெரிந்தாலும் டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

ஏ.பி.எஸ். உள்ள பைக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக இருக்கிறது. அவற்றில் ஹோஸ் ஏ.பி.எஸ். மாடுலேட்டர் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) வழியாகப் போகும். காலிப்பரை மட்டும் கழற்றி, மாடுலேட்டரில் ஆயில் காலியாகாமல் பார்த்துக்கொண்டால் வழக்கமான முறையிலேயே ஏர் எடுக்கலாம். கீழிருந்து தள்ளும் முறை அங்கே வேண்டாம், கசடு மாடுலேட்டருக்குள் போய்விடும். எந்த பைக்கானாலும், ஹோஸைக் கழற்றுவதற்கு முன் லிவரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டிவிடுங்கள். மாஸ்டர் பிஸ்டன் அந்தச் சின்ன ஓட்டையை மூடிக்கொள்ளும், டப்பா ஆயில் கீழே ஒழுகி ஹோஸ் காலியாகாது. அடுத்த முறை சீல் மாற்றும்போது இது ஒன்றே உங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

மாட்டும்போது ஹோஸ் முனையின் இரண்டு பக்கமும் புதுக் காப்பர் வாஷர் போடுங்கள், பழையது ஒரு முறை நசுங்கியது. போல்ட் இறுக்கங்களை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் வையுங்கள். நிப்பிள் உள்ளே ஓட்டையான சின்ன போல்ட், பலம் காட்டினால் முறிந்து காலிப்பரோடு போய்விடும். பேட் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் லிவரைப் பலமுறை பம்ப் செய்து பிஸ்டனைப் பேட் வரை கொண்டுவாருங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் அங்கேயே நிற்கும். பம்ப் செய்யாமல் தெருவில் இறங்கினால் முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. டப்பாவில் அளவைக் கோடு வரை சரிசெய்து மூடியைப் போடுங்கள். அப்புறம் லிவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்து வைத்து, நிப்பிள், ஹோஸின் இரண்டு முனை, பிஸ்டன் ஓரம் எல்லாவற்றையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஓட்டக் கூடாது.

பேட்டில் ஆயில் பட்டிருந்தால் தேய்த்து, சுட்டுக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதுசு போடுங்கள். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தத் துணியால் துடைத்தால் போதும். பெயிண்டில் சிந்திய ஆயிலை உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் மட்டும் போதாது. ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, முன் பிரேக்கை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, வண்டி எடுப்பதற்கு முன் லிவரை ஒரே ஒரு தடவை பிடியுங்கள். நேற்று நின்ற இடத்திலேயே நின்றால் ஓட்டலாம். கீழே இறங்கியிருந்தால், பிஸ்டனை அடைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை இன்னொரு முறை செய்து, லிவர் எப்படி நிற்கிறது என்று எழுதுங்கள், அதை வைத்து மேலே பார்க்கலாம்.